தட்டைப் பிடித்தவன் தரகனா, வேலையாளா?

அன்றைக்கு அந்தப் புஞ்சையில் நின்றவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு ஒருவரும் "நான் அங்கே இல்லையே" என்று கழன்றுகொள்ளக் கூடாது. நிலத்தை விற்க வந்த சோலைமலை. அவருடைய மருமகன், கையில் சைக்கிளோடு. நிலத்தை வாங்க வந்த தேவசகாயம் வாத்தியார், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கும் வேதமும் சொல்லிக்கொடுப்பவர். அவர் மனைவி ஞானம்மா. சற்றுத் தள்ளி, வாகை மர நிழலில் என் முதலாளி. எல்லோருக்கும் நடுவில், இரண்டு கையாலும் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான். வந்திருக்க வேண்டியவர் ஒருவர் தட்டு மாறுகிறவரை வரவில்லை. அவர் பெயர் வீரணன். சோலைமலையின் பங்காளி. வந்தவர்களால் அல்ல, வராத அவரால்தான் எனக்கு இந்தத் தொழில் பிடிபட்டது.

இடம், மதுரையிலிருந்து பரவைக்குப் போகிற ரோட்டை ஒட்டிய புஞ்சை. காலம், இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம்.

புதிதாகத் தரகுத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, நீங்கள் கோட்டுப் போட்டுக்கொள்கிறீர்கள், பெயர் அச்சடித்த அட்டை வைத்திருக்கிறீர்கள். சந்தோஷம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதோடு சின்ன வயசிலிருந்தே எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவன். வானம் வெளுத்திருந்தால் மழை வராதே என்று கவலை, கறுத்திருந்தால் வந்துவிடுமே என்று கவலை. இப்படிப்பட்டவன் நிலத்தரகில் பிழைத்ததே அதிசயம் என்பார்கள். கவலைப்பட்டதால்தான் பிழைத்தேன் என்று நான் சொல்வேன். அதை நிரூபிக்க எனக்கு இந்த ஒரு கிரயம் போதும்.

என் முதலாளியின் பெயர் வேண்டாம். மாசி வீதிகளில் ஒன்றில், ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருக்கு ஓர் அறை. அங்கே நான் சேர்ந்த அன்று, தயங்கித் தயங்கிச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

"சம்பளமா? என்னப்பா இப்படிப் பிரிச்சுப் பேசுறே? மாசம் அஞ்சு ரூவா எடுத்துக்க. ஆனா ஒன்னைய நான் வேலையாளா நினைக்கலே. நீ எனக்குப் பாதிக் கூட்டாளி."

எனக்கு ஒரே பூரிப்பு. வீட்டில் போய் என் அம்மாவிடம் "நான் கூட்டாளியாக்கும்" என்றேன். மாசம் பிறந்தது. ஐந்து ரூபாயைக் கேட்டேன். "கூட்டாளிக்கு ஏதுப்பா சம்பளம்? லாபத்துல பங்குல்ல ஒனக்கு!" என்றார். நியாயம்தான் என்று காத்திருந்தேன். ஒரு கிரயம் முடிந்தது. பங்கைக் கேட்டேன். "வேலைக்காரனுக்கு ஏதுப்பா பங்கு? மாசச் சம்பளம்ல ஒனக்கு!" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவர் சொல்கிறபோது எல்லாமே நியாயமாகப் படும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எங்கேயோ இடிக்கும். இவை இரண்டும் போக மூன்றாவதாக ஓர் உத்தியோகமும் எனக்கு இருந்தது. அவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கிற நாட்களில் நான் அவருக்குப் "பெத்த மகன் மாதிரி."

இப்படி எட்டு மாசம் ஓடியது. கூட்டாளியாக நான் ஒரு பைசாப் பங்கு பார்க்கவில்லை. வேலையாளாக ஒரு பைசாச் சம்பளம் பார்க்கவில்லை. காப்பிக் காசு மட்டும் அவ்வப்போது கொடுப்பார், மகன் என்ற முறையில்.

ஆட்கள் ஏன் அவரைத் தேடி வந்தார்கள் என்று கேட்பீர்கள். ஒரு தரகரை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எனக்கு இன்று வரை முழுசாக விளங்கவில்லை. மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மனுஷன், வீடு வாங்க வரும்போது தரகரின் சட்டையைப் பார்க்கிறான், நெற்றியைப் பார்க்கிறான், சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பார்க்கிறான். எங்கள் அறைச் சுவரில் ஒரே ஒரு படம்தான். ஒரு பக்கம் மீனாட்சியம்மன், மறு பக்கம் ஆட்டுக்குட்டியை ஏந்திய இயேசுநாதர். வாசலில் காலடி கேட்டதும் எட்டிப் பார்த்து, வருகிறவர்களுக்குத் தகுந்தபடி திருப்பி மாட்டுவது என் வேலை. முஸ்லிம்கள் வந்தால் கழற்றிப் பெஞ்சுக்குக் கீழே வைத்துவிட வேண்டும். வண்டியூர்ப் பக்கத்து மனைகளை, தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்து காற்று சிலுசிலுவென்று வரும் நாட்களில் மட்டும்தான் முதலாளி காட்டுவார். குளம் வற்றிவிட்டால் அந்த மனைகளெல்லாம் "ஏற்கெனவே பேச்சுல இருக்கு."

தேவசகாயம் வாத்தியாரும் அப்படித்தான் வந்தார். படத்தைப் பார்த்தார், மனம் குளிர்ந்தார், உட்கார்ந்தார். பத்து வருஷமாகச் சேர்த்த பணத்தில் நகரத்துக்கு வெளியே ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். "உங்களுக்கு அனுபவம் எம்புட்டு?" என்று கேட்டார். "பாதி மதுரை என் கை பட்டு மாறுனதுதான் ஐயா" என்றார் முதலாளி. வாத்தியாருக்கு அது போதுமானதாக இருந்தது. கணக்கு வாத்தியார்தான், இருந்தாலும் எந்தப் பாதி என்று கேட்கவில்லை.

ஞானம்மாதான் கேட்டார். "தரகு எங்ககிட்ட வாங்குவீங்களா, விக்கிறவங்ககிட்ட வாங்குவீங்களா?"

"நூத்துக்கு ரெண்டு, ரெண்டு பக்கமும். தொழில் முறைம்மா. ஆனா மனசு பூராவும் உங்க பக்கம்தான்."

முந்தின வாரம் சோலைமலையிடமும் மனசு பூராவும் அவர் பக்கம் என்றுதான் சொல்லியிருந்தார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞானம்மா என்னைக் காட்டி, "இந்தத் தம்பி யாரு? உங்ககிட்ட வேலை பாக்குறவரா, கூட்டாளியா?" என்றார்.

"ரெண்டும்தாம்மா."

"ரெண்டும்னா ரெண்டும் இல்லேன்னுல்ல ஆகுது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார். எட்டு மாசமாக வீட்டில் படுத்துக்கொண்டு நான் யோசித்ததை எழுந்து நிற்கிற நேரத்தில் சொல்லிவிட்டார்.

இனி அந்தத் தட்டு. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். விலை படிந்ததும் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காயோடு அச்சாரப் பணத்தைத் தட்டில் வைத்து வாங்குகிறவர் கொடுக்க, தரகர் கை மாற்றி விற்கிறவரிடம் கொடுப்பார். யார் கை வழியாகத் தட்டு மாறுகிறதோ அவருக்குத்தான் தரகு. பின்னால் வில்லங்கம் வந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இதற்குப் பத்திரம் கிடையாது. ஆனால் பத்திரத்தை மீறினாலும் மீறுவார்கள், இதை மீற மாட்டார்கள்.

என் முதலாளி தன் ஆயுளில் ஒரு தட்டையும் இன்னொருவன் தொட விட்டதில்லை. அன்றைக்குப் புஞ்சைக்குப் போகிற வழியில் வண்டியிலேயே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திருப்பரங்குன்றத்துப் பெரியப்பா போயிட்டாரு. காலையிலதான் ஆள் வந்து சொன்னான். தீட்டு எனக்கு. தட்டை நான் தொடக் கூடாது. நீ பிடிச்சிரு" என்றார்.

"தீட்டுன்னா இன்னொரு நாள் வச்சுக்கலாமே முதலாளி" என்றேன். "நல்ல நாள் தவறும்" என்றார். "வில்லங்கமெல்லாம் பாத்தாச்சுல்ல?" என்றேன். "பெரியப்பா செத்த அன்னைக்கு ஏண்டா இப்படி நோண்டுறே?" என்றார். அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

அப்படித்தான் தட்டு என் கைக்கு வந்தது. வாத்தியார் அச்சாரம் இருநூறு ரூபாயை வைத்தார். நான் வாங்கிக் கை மாற்றிக் கொடுத்தேன். சோலைமலை பணத்தையும் தேங்காய் பழத்தையும் எடுத்துக்கொண்டு, வெற்றிலை மிச்சத்தோடு தட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பணத்தை மருமகனிடம் நீட்டினார். அடகில் இருந்த நகையை மீட்க மருமகன் சைக்கிளை மிதித்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தான். அவன் தலை மறைந்ததும் வரப்பு மேல் ஒருவர் வந்தார். தோளில் துண்டு, இடுப்பில் அரிவாள். வீரணன்.

"எவன்டா அவன், என்னையக் கேக்காம என் கிணத்தை வித்தவன்?"

"ஒங் கிணத்தை எவன் வித்தான்? என் நிலத்தைத்தான் வித்தேன்" என்றார் சோலைமலை.

"நிலம் ஒன்னது. அதுல கிடக்கிற கிணத்துல பாதி என்னது. ரோட்டுலருந்து வார வண்டிப்பாதை முழுக்க என்னது. வாத்தியாரு வீட்டைக் கட்டிட்டு எப்படி உள்ள போவாரு, பறந்தா?"

வாத்தியாரின் முகம் வெளுத்தது. "என் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார். சோலைமலை டவுன் ரோட்டைப் பார்த்தார். பணம் அந்நேரம் அடகுக் கடை வாசலை நெருங்கியிருக்கும். "எங்கிட்ட ஏது? தரகரைக் கேளுங்க" என்றார். எல்லோரும் வாகை மரத்தைப் பார்த்தார்கள்.

முதலாளி அசையவில்லை. "என்னைய எதுக்குப் பாக்குறீக? தட்டைப் பிடிச்சது யாரு? அவன்தான் தரகன். தம்பி எங்கிட்ட வேலை பாக்குற ஆளு இல்லே, தனிக் கூட்டாளி. இந்தக் கிரயம் அவன் சொந்தமாப் பண்ணுறது."

தம்பிகளே, அந்த இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் மொத்தச் சொத்து என் அம்மாவின் காதில் கிடந்த தண்டட்டி. அதை விற்றால் நூறுகூடத் தேறாது. இருநூறு ரூபாய்க்கு நான் எங்கே போவேன்? "ஐயையோ, நான் வெறும் வேலைக்காரன்" என்று கத்தத்தான் வாய் திறந்தேன். கத்தியிருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் கவலைப்படுகிறவனுக்கு ஒரு குணம் உண்டு. அடுத்து என்ன ஆகும் என்று மனசு ஓடும். நானும் தரகன் இல்லை, அவரும் தரகன் இல்லை என்று ஆகிவிட்டால் அந்தப் புஞ்சையில் பதில் சொல்ல ஒருவனும் இருக்க மாட்டான். ஒருவர் இடுப்பில் அரிவாள் இருக்கிறது. வாத்தியாரின் பத்து வருஷச் சேமிப்பில் இருநூறு ரூபாய் அரை நாழிகையில் கரைந்துவிடும். என்னை நம்பித்தானே அந்தப் பணத்தைத் தட்டில் வைத்தார்?

"முதலாளி, அதை எல்லாரு காதுலயும் விழுற மாதிரி ஒருக்காச் சொல்லுங்க. இந்தக் கிரயத்துக்குத் தரகன் யாரு?"

"நீதாண்டா."

"அப்ப நீங்க?"

"வேடிக்கை பாக்க வந்தவன்."

"தண்டம் வந்தா?"

"ஒனக்கு."

"தரகு வந்தா?"

கொஞ்சம் யோசித்தார். வீரணனின் இடுப்பைப் பார்த்தார். இந்த ஜென்மத்தில் இந்தக் கிரயம் நடக்காது என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. தாராளமாகக் கையை விரித்து, "அதுவும் ஒனக்கேதான். வச்சுக்க" என்றார். பிறகு தீட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று ரோட்டில் ஏறி, கண்ணில் பட்ட முதல் வண்டியைப் பிடித்துப் போய்விட்டார்.

நான் வீரணனிடம் திரும்பினேன். "அண்ணே, இதை முந்தியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலையா? நேத்துச் சாயங்காலம் ஒங்க படிக்கட்டுக்குக் கீழேயே வந்து ஒங்க முதலாளிகிட்டக் கத்திட்டுத்தானப்பா வந்தேன்! நீ எங்க போயிருந்தே?"

நான் முதலாளி வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன், மகனாக. நேற்று மாலை வீரணன் வந்திருக்கிறார். இன்று காலை பெரியப்பா இறந்திருக்கிறார். எனக்கு மெல்லப் புரிந்தது. ஞானம்மாவுக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது என்பது அவர் பெருமூச்சில் தெரிந்தது.

"சரிண்ணே. இப்ப ஒங்களுக்கு என்ன செய்யணும்? எம்புட்டு எதிர்பாக்குறீக?"

"காசுக்கு வந்தேன்னு நினைச்சியா?" என்று சீறினார். "நாலு பேரு நடுவுல தட்டு மாத்துறீக. பங்காளின்னு ஒருத்தன் உசுரோட இருக்கானேன்னு ஒரு வெத்தலை எடுத்து வச்சீகளாடா? இவன் கல்யாணத்துக்கு மொய் எழுத மட்டும் நான் வேணும்!"

தட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. வெற்றிலையைத் துடைத்து அடுக்கி அவர் முன்னால் நீட்டினேன். "அம்புட்டு லேசுல வாங்கிருவனா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை நோகிறவரை நீட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் சோலைமலை பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்தபடி, "எடுத்துக்கண்ணே" என்றார். அந்த "அண்ணே"க்குத்தான் வீரணன் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டதும் ஒரு மூச்சு விட்டேன். மூச்சு விட்டதுமே கவலை வந்துவிட்டது. "அண்ணே, நாளைக்கு வாத்தியாரு இந்த வீட்டை வேற ஆளுக்கு வித்துட்டாருன்னா பாதை என்ன ஆகும்? கிணறு தூர்ந்துச்சுன்னா வாருற கூலி யாரு தலையில? மழை பொய்ச்ச வருஷம் முதல்ல யாரு இறைக்கிறது? ஒங்க மகன் காலத்துல வேலி போட்டு மறிச்சா?"

"என்னய்யா இவன்! கிணறு வத்திப் போயி, நானும் செத்துப் போயிட்ட மாதிரியில்ல பேசுறான்?" என்றார் வீரணன்.

"பேசட்டும், விடுங்க" என்றார் ஞானம்மா. "எங்களுக்கு இப்பத்தான் ஒரு தரகர் கிடைச்சிருக்கார்."

என் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் வரப்பில் உட்கார்ந்து பதில் பேசினோம். பாதை பொது என்று பத்திரத்தில் எழுதுவது. கிணறு ஆளுக்கு ஒரு நாள் முறை. வீரணன் பாதையில் பாதியை விட்டுக்கொடுப்பதற்காகச் சோலைமலை தன் விலையிலிருந்து நூறு ரூபாயை அவருக்குக் கொடுப்பது. வீரணனும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது. காசுக்கு வரவில்லை என்றவர் நூறு ரூபாயை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேறு, இது வேறு.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிரயம். பதிவு ஆபீசில் எல்லோரும் கூடினோம். எல்லோருக்கும் முந்தி வந்து நின்றவர் என் முதலாளி. சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கையெழுத்தெல்லாம் முடிந்ததும் கையை நீட்டினார். "தரகு, பக்கத்துக்கு முப்பது."

"அன்னைக்குத் தரகர் இந்தத் தம்பின்னு சொன்னீங்களே?" என்றார் ஞானம்மா.

"என் கைக்குக் கீழ வேலை பாக்குற பயம்மா அவன். வேலைக்காரன் கை முதலாளி கைதானே? எனக்குத் தீட்டுங்கிறதால என் தட்டை அவன் பிடிச்சான். அம்புட்டுத்தான். இல்லாட்டி இவனுக்கு என்ன தெரியும்?"

அந்த நேரம் பார்த்து, பக்கத்து அறையில் ஏதோ அடமானப் பத்திரம் முடித்துவிட்டு, ஒரு பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். என் முதலாளியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "ஏலே, எம்புட்டு நாளாச்சுடா ஒன்னையப் பாத்து! திருப்பரங்குன்றம் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கிறே. பெரியப்பா இருக்கனா செத்தனான்னு நினைப்பு வேணாமா?"

தேவசகாயம் வாத்தியார்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "உயிர்த்தெழுந்தவர் ஒருவர்தான் என்று இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்."

வீரணன் சிரித்த சிரிப்பில் பதிவு ஆபீஸ் குமாஸ்தா எழுந்து வந்து பார்த்தார். முதலாளி மட்டும் கலங்கவில்லை. பெரியப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "ஆள் வந்து தப்பாச் சொல்லிட்டான்" என்றார். நீட்டிய கையை மடக்கவே இல்லை.

வாத்தியார் தன் பங்குத் தரகு முப்பதை என் கையில் வைத்தார். ஞானம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். சோலைமலைக்கு இன்னும் விற்க வேண்டிய நிலம் இருந்தது. முதலாளியைப் பகைத்துக்கொள்ள அவருக்குப் பயம். அவர் தன் முப்பதை முதலாளியின் கையிலேயே வைத்துவிட்டு, "நீங்க பாத்துக் கொடுத்துருங்க" என்றார். முதலாளியும் பார்த்தார். கொடுக்கத்தான் இல்லை.

அன்றோடு தனியாக வந்துவிட்டேன். வாத்தியார் கொடுத்த முப்பதில் எனக்கென்று ஒரு நாற்காலியும் வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சும் வாங்கினேன். படம் மாட்டவில்லை. என்னிடம் வேலைக்கு வந்தவர்களிடம் முதல் நாளே, "நீ சம்பளத்துக்கு, பங்கு கிடையாது" என்றோ, "நீ பங்குக்கு, சம்பளம் கிடையாது" என்றோ ஒன்றைச் சொல்லிவிடுவேன். முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். மகன் மாதிரி என்று மட்டும் ஒருவனையும் சொன்னதில்லை. தம்பிகளே, உங்களை வேலைக்கு வைக்கிறவர் அந்தச் சொல்லை எடுத்தால் அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நிலம் வாங்க வருகிறவர் உங்கள் சட்டையைப் பார்த்தால், வில்லங்கம் வந்தால் நீங்கள் நிற்பீர்களா என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். கேட்டுவிட்டுப் பக்கத்துத் தரகரிடம் போனாலும் போகட்டும்.

சண்டை முடிகிற சமயத்தில் முதலாளி காலமானார் என்று சேதி வந்தது. உடனே நம்பிவிடவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். உண்மைதான். மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். அவருடைய மூத்த மகன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல பையன். "நீங்க அப்பாகிட்ட வேலை பாத்தவங்களா அண்ணே, கூட்டாளியா?" என்று கேட்டான்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். வேலையாள் என்றால் எட்டு மாசச் சம்பளம் நிற்கிறது, நாற்பது ரூபாய். கூட்டாளி என்றால் சோலைமலை கொடுத்த தரகு நிற்கிறது, முப்பது. வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டும்தான் தம்பி" என்றேன்.

"அப்பா அடிக்கடி சொல்லுவாரு. படிக்கட்டு ரூம்ல ஒருத்தன் இருந்தான், எனக்குப் பெத்த மகன் மாதிரின்னு. அது நீங்கதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது? மகன் என்றால் ஒரு பாக்கியும் இல்லை. ஆனாலும் அங்கே, அந்தப் புஞ்சையில், அத்தனை பேர் காதிலும் விழும்படி, தரகு எனக்கேதான் என்று அவர் வாயால் சொன்ன சொல் ஒன்று இருக்கிறது. இன்று வரை நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பாக்கி முப்பது ரூபாய்.